மின்சார லாரி வாங்கும் முன் காலி கிலோமீட்டரை எண்ணுங்கள்

கேள்வி: அப்பா தொடங்கிய லாரி நிறுவனத்தை மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். 22 வண்டிகள், எல்லாம் டீசல். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்னால் எங்கள் கரியமில வாயுக் கணக்கைக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். மின்சார லாரி நாலு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் வண்டி விற்பவர். அப்பாவோ, "வண்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக் காட்டு, போதும்" என்று சிரிக்கிறார். லாபம் ஏற்கெனவே நூலிழையில் நிற்கிறது. சுற்றுச்சூழலைப் பார்த்தால் லாபம் போகும், லாபத்தைப் பார்த்தால் இது போகும் என்பதுதான் நிலைமையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் அப்பா சொன்னதைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள். பச்சை பெயின்ட் அடித்துக் காட்டும் நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன, அதைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் டீசல் வீணானால் அவருக்குத் தூக்கம் வருமா? வராது. அந்தக் குணம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கணக்கு.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள டீசலிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று பலர் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். டீசலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜன்தான். சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் டீசல் பில்லும் உங்கள் புகைக் கணக்கும் ஒரே நோட்டுப்புத்தகம். லாரி நடத்துபவருக்கு டீசல், சம்பளத்தோடு போட்டி போடும் செலவு. அதில் குறையும் ஒவ்வொரு லிட்டரும் இரண்டு பக்கமும் வரவாகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றாகவே போகும். எங்கே பிரிகின்றன என்பதையும் பிறகு சொல்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வேலை, அளவுகோலை மாற்றுவது. எல்லோரையும் போல நீங்களும் வண்டிக்கு வண்டி மைலேஜ் பார்ப்பீர்கள். மைலேஜ் ஏமாற்றும். மாதக் கடைசியில் நல்ல மைலேஜ் காட்டும் வண்டி, அதிக நேரம் காலியாக ஓடிய வண்டியாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு டீசல் செலவானது என்பதை. டன்-கிலோமீட்டர் கணக்கு என்பார்கள். உங்கள் வாடிக்கையாளரின் படிவமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 20 டன் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி 400 கிலோமீட்டர் போகிறது, லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 114 லிட்டர். திரும்பும்போது காலி, லிட்டருக்கு 5.5 கிலோமீட்டர். 73 லிட்டர். காலி வண்டி என்றால் டீசல் பெரிதாகச் செலவாகாது என்ற நினைப்பு நம் தொழிலில் உண்டு. கணக்கைப் பாருங்கள்: முழு லோடோடு போனபோது குடித்ததில் மூன்றில் இரண்டு பங்கைக் காலியாக வரும்போதும் அது குடித்துவிட்டது. மொத்தம் 187 லிட்டர், சுமந்தது 8,000 டன்-கிலோமீட்டர். ஒரு டன்-கிலோமீட்டருக்கு 63 கிராம் கரியமில வாயு.

இதே வண்டி திரும்பும்போது 12 டன் ரிட்டர்ன் லோடு எடுத்து வந்தால்? திரும்பும் வழியில் லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் என்று கொண்டால் 95 லிட்டர். மொத்த டீசல் 22 லிட்டர் கூடிவிட்டது. ஆனால் சுமந்தது 12,800 டன்-கிலோமீட்டர். கணக்கு 44 கிராமுக்கு இறங்குகிறது, முப்பது சதவீதம் குறைவு. 22 லிட்டர் கூடுதலாக எரித்து 12 டன்னுக்கு வாடகை வாங்கியிருக்கிறீர்கள். அந்த 12 டன்னுக்காக வேறொரு லாரி தனியாகப் புறப்பட வேண்டியிருந்திருக்கும், அது புறப்படவில்லை. எந்த மின்சார லாரியும் முதல் மாதத்திலேயே இப்படி லாபம் காட்டாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வண்டிகள் ஓடும் கிலோமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலி ஓட்டம். கணினியும் ஒழுங்கும் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், நோட்டில் எழுதி போனில் லோடு பிடிக்கும் நிறுவனத்தில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஊகிக்க வேண்டாம், எண்ணுங்கள். மூன்று மாத டிரிப் ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு டிரிப்பிலும் காலி கிலோமீட்டருக்கு ஒரு தனிக் கட்டம் போடுங்கள். இந்த ஒரு கட்டத்தைப் போட்ட மறுமாதமே, யாரும் எதுவும் சொல்லாமல், லோடு பிடிப்பவர் கூடுதலாக நாலு போன் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிட்டர்ன் லோடு என்றாலே நல்லது என்று பாயக் கூடாது. அறுபது கிலோமீட்டர் சுற்றிப் போய், அரை நாள் காத்திருந்து, அடிமாட்டு வாடகைக்கு எடுக்கும் லோடு, மறுநாள் காலை உங்கள் நல்ல வாடிக்கையாளரின் முழு லோடைத் தவற விடச் செய்தால் அது நஷ்டம்தான். டீசலிலும் நஷ்டம், ஏனென்றால் அந்த முழு லோடுக்கு வேறு வண்டியைத் தொலைவிலிருந்து காலியாக வரவழைப்பீர்கள். ரிட்டர்ன் லோடுக்கு மூன்று கேள்வி போதும்: எவ்வளவு சுற்று, எத்தனை மணி நேரம் காத்திருப்பு, அடுத்த நாள் வண்டி எங்கே நிற்க வேண்டும். வாடகை நாலாவதாக வரட்டும். இதில் நிரந்தரமான தீர்வு, எதிர்த்திசையில் லோடு உள்ள இன்னொரு நிறுவனத்தோடு ஏற்பாடு செய்துகொள்வது. அவர் போட்டியாளராக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய வண்டியும் உங்கள் வண்டியும் ஒரே சாலையில் எதிரெதிரே காலியாகக் கடந்து போகின்றன என்றால், இரண்டு பேரும் சேர்ந்து டீசலுக்குத் தண்டம் கட்டுகிறீர்கள்.

அடுத்தது வேகமும் காத்திருப்பும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அவை ஒரே விஷயம். வண்டியைத் தடுக்கும் காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு, அதாவது வேகத்தை வேகத்தால் பெருக்கியதற்கு ஏற்ப ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 90க்குப் போனால் அந்த எதிர்ப்பு 27 சதவீதம் கூடுகிறது. 400 கிலோமீட்டர் தூரத்தில் அந்த வேகம் மிச்சப்படுத்துவது முப்பத்து மூன்று நிமிடம். அந்த முப்பத்து மூன்று நிமிடத்தை வைத்து டிரைவர் என்ன செய்கிறார்? குடோன் வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிறார். கூடுதல் டீசல் செலவழித்து சீக்கிரம் வந்து சும்மா நிற்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய வேடிக்கை.

கப்பல்காரர்கள் இதே பாடத்தைப் பெரிய அளவில் படித்தார்கள். 2008க்குப் பிறகு, எரிபொருள் விலையும் உலகப் பொருளாதாரச் சரிவும் ஒன்றாக அழுத்தியபோது, கன்டெய்னர் கப்பல்கள் வேகத்தைக் குறைத்து ஓட ஆரம்பித்தன. கப்பலுக்குத் தேவைப்படும் எஞ்சின் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும் என்பதால், கொஞ்சம் மெதுவாகப் போனாலே மிச்சம் பெரிது. அன்று யாரும் சுற்றுச்சூழலுக்காக அதைச் செய்யவில்லை, பணத்துக்காகச் செய்தார்கள். புகை தானாகக் குறைந்தது. அப்படியும் துறைமுகத்துக்கு விரைந்து வந்து வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வந்ததும் இடம் கிடைக்கும் நேரத்துக்கு வந்தால் போதும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவர இப்போதுதான் முயல்கிறார்கள்.

உங்களுக்கு இதில் என்ன வேலை? வேகக் கட்டுப்பாடு போடும் முன், வாடிக்கையாளரின் குடோனில் நேரம் வாங்குங்கள். எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று முதல் நாளே தெரிந்தால், டிரைவர் ஏன் பறக்கப் போகிறார்? வாசலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும். ஒரு வண்டி தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள், 22 வண்டி என்றால் மாதம் 550 மணி நேரம். ஆயிரத்து நூறிலிருந்து ஆயிரத்து அறுநூற்று ஐம்பது லிட்டர் வரை. எந்தச் சரக்கும் ஒரு அடிகூட நகராமல் இவ்வளவு. வெயிலிலும் குளிரிலும் டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு, அவர் உள்ளேதான் தூங்க வேண்டும். ஓய்வெடுக்க ஓர் அறை, வரிசைச் சீட்டு, வாசலில் ஒரு போன் எண், இதையெல்லாம் குடோன்காரரிடம் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. டிரைவரைத் திட்டுவதால் நடக்காது.

டிரைவரைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு மைலேஜ் பரிசுத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். மாதத்தில் அதிக மைலேஜ் காட்டுபவருக்குப் பரிசு. முதல் மாதம் பிரமாதம். இரண்டாவது மாதம், மலைப்பாதை ஓட்டுபவர்கள் முணுமுணுத்தார்கள். தங்களுக்கு எந்தக் காலத்திலும் பரிசு வராது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாதம் ஒருவர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கியிருக்கிறார். பிரேக் சூடேறி, நல்லவேளை, பள்ளத்தில் போகாமல் மண்மேட்டில் நின்றது வண்டி. கொடுமை என்னவென்றால் நியூட்ரல் மிச்சமும் தராது. இன்றைய எஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அப்படியே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட டீசல் வேண்டும். அதை டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் பரிசை மட்டும் அறிவித்தது என் குற்றம்.

அதற்குப் பிறகு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு டிரைவரையும் அவருடைய பழைய கணக்கோடு, அதே பாதையில், அதே மாதிரி லோடில் ஒப்பிடுங்கள். அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள். மிச்சமான டீசல் காசில் ஒரு பங்கை, முன்கூட்டியே சொன்ன கணக்குப்படி, அவர் கையில் கொடுங்கள். திடீர் பிரேக், திடீர் வேகம், சும்மா ஓடும் எஞ்சின் மூன்றையும் மட்டும் கவனியுங்கள். ஒரு நல்ல டிரைவர் கால் அழுத்தத்தால் மிச்சப்படுத்துவதை எந்தக் கருவியும் எளிதில் எட்டாது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. சமதளச் சாலையில் கனரக வண்டி எரிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு டயர் உருளும் எதிர்ப்புக்கே போகிறது. காற்று குறைந்த டயர் டீசலையும் தின்னும், தன்னையும் தின்னும். வாரம் ஒரு நாள் கேஜ் வைத்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அலைன்மென்ட், கேபினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளி, படபடக்கும் தார்ப்பாய், தேவையில்லாமல் சுமக்கும் இரும்பு, இவையும் உண்டு. இவற்றையெல்லாம் உங்கள் மெக்கானிக் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இனி யாரும் பேச விரும்பாத பகுதிக்கு வருகிறேன். உங்கள் புகையில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, படிவம் அனுப்பிய அதே வாடிக்கையாளர். "இன்றே வேண்டும்" என்று அரை லோடுக்கு வண்டி கேட்பவர் அவர்தான். 10 டன் ஏற்றிய வண்டி 20 டன் ஏற்றிய வண்டியின் டீசலில் பாதியில் ஓடாது, அதைவிட நிறையவே அதிகம் கேட்கும். பாதிக் காற்றோடு அடைத்த அட்டைப்பெட்டிகளை அனுப்புபவரும் அவர்தான். நிறைய சரக்கு எடையில் நிரம்புவதற்கு முன் இடத்தில் நிரம்பிவிடுகிறது. பெட்டியின் உயரம் கொஞ்சம் குறைந்து இன்னும் ஒரு அடுக்கு ஏறினால், பத்து வண்டி போகும் இடத்தில் ஒன்பது போதும் என்ற நிலை வரலாம். அப்புறம், வாசலில் மூன்று மணி நேரம் நிற்க வைப்பவரும் அவர்தான்.

ஆகவே படிவத்தை வெறும் பரீட்சைத் தாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சைத் தொடங்கிவைத்தவர் அவர், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவரிடம் இரண்டு வாடகை சொல்லுங்கள்: சொன்ன நாளில் உடனே எடுப்பதற்கு ஒன்று, இரண்டு நாள் இடைவெளிக்குள் எப்போது எடுத்தாலும் சரி என்பதற்குக் குறைவான இன்னொன்று. அந்த இரண்டு நாள் இருந்தால் நீங்கள் லோடு சேர்க்கலாம், ரிட்டர்ன் பொருத்தலாம். காத்திருப்புக்கு ஹால்டிங் தொகையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் நேரம் அவருக்கு இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யாரும் மிச்சம் பிடிப்பதில்லை. டீசல் விலை ஏற்ற இறக்கத்துக்கான விதியையும் இதே நேரத்தில் பேசிவிடுங்கள். மிச்சப்படுத்தியதையெல்லாம் வாடகைக் குறைப்பாக உடனே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வருடத்தில் சந்தை அதை எப்படியும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும்; அதுவரை வருவதை வண்டியிலும் ஆளிலும் போடுங்கள்.

மின்சார லாரிக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் காலியாக ஓடும் மின்சார லாரியும் காலியாகத்தான் ஓடும், கூடவே கடன் தவணையையும் இழுத்துக்கொண்டு ஓடும். அது விலை அதிகமான, ஓட்டும் செலவு குறைவான வண்டி. எனவே நிறையக் கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். ஆனால் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கு எல்லை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது: ஒரே பாதையில் தினம் இரண்டு மூன்று நடை, ஒவ்வொரு நடையிலும் லோடு ஏற்றி இறக்கும் நேரத்தில் சார்ஜ், ராத்திரி சொந்த ஷெட்டில் நிறுத்தம். ஆலைக்கும் குடோனுக்கும் இடையே, குடோனுக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் வண்டிகள் இதற்குப் பொருந்தும். லோடு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஊர் ஊராகப் போகும் வண்டி பொருந்தாது. பேட்டரி எடையையும் மறக்காதீர்கள். 300 கிலோவாட்-மணி பேட்டரி ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். நீங்கள் எடைச் சரக்கு ஏற்றுபவர் என்றால், வண்டியின் அனுமதி எடையில் அதற்குச் சலுகை இல்லாத இடத்தில், ஒவ்வொரு டிரிப்பிலும் அதில் ஒரு பகுதி உங்கள் வாடகையிலிருந்து போகும். உங்கள் 22 வண்டியில் இந்த ஜன்னலுக்குள் வரும் பாதை ஒன்று இருந்தால், ஒரே ஒரு வண்டி வாங்கி ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். நாலு வேண்டாம்.

ரயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, லாரிக்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது இருக்கும் எதிர்ப்பு, சாலையில் டயருக்கு இருப்பதில் ஒரு சிறு பகுதிதான். நீண்ட தூரத்துக்கு, நிறையச் சரக்குக்கு லாரியால் அதோடு போட்டி போட முடியாது. உங்கள் வாடிக்கையாளர் என்றாவது அந்தப் பக்கம் போவார். அப்போது நிலையத்துக்கு முன்னும் பின்னும் உள்ள குறுந்தூர ஓட்டத்தை யார் கையில் கொடுப்பார் என்பதுதான் கேள்வி. அதை நீங்களே முதலில் எடுத்துப் பேசினால் அந்த ஓட்டம் உங்களுடையது. மேலே சொன்ன மின்சார லாரி ஜன்னலும் அங்கேதான் திறக்கிறது.

இப்போது, லாபமும் சுற்றுச்சூழலும் பிரியும் இடம். கழிவு எண்ணெயிலிருந்து செய்யும் மாற்று டீசல் புகையை நன்றாகவே குறைக்கும், ஆனால் பொதுவாக விலை அதிகம். அந்தக் கூடுதலை வாடிக்கையாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சட்டைப்பையிலிருந்து ஊற்ற வேண்டாம். மரம் நட்டு ஈடுகட்டும் சான்றிதழ்கள் விற்க வருவார்கள். மரம் நல்லதுதான், நடுங்கள். ஆனால் சரக்குப் போக்குவரத்துப் புகையைக் கணக்கிட 2023இல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற உலகத் தரநிலை, அப்படிப்பட்ட ஈட்டை உங்கள் கணக்கில் கழிக்க அனுமதிப்பதில்லை. அதே தரநிலை காலி ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. டீசலை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும்போது வெளியான புகையையும் சேர்க்கச் சொல்கிறது. அதைச் சேர்த்தால் நான் மேலே சொன்ன 2.68 ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை கூடும். படிவத்தை நிரப்பும்போது எந்தக் கணக்கு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படிவத்துக்கு நேரம் குறைவாக இருந்தால், கடந்த மூன்று மாதத்தின் மொத்த லிட்டர், மொத்த டன்-கிலோமீட்டர், காலி கிலோமீட்டரின் சதவீதம் ஆகிய மூன்று எண்களை மட்டும், அழகுபடுத்தாமல் கொடுங்கள். காலி சதவீதம் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கொடுங்கள். அடுத்த வருடம் அது இறங்கும்போது காட்ட உங்களுக்கு ஓர் எண் வேண்டும். "எதிர்காலத் திட்டம்" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் மின்சார லாரி என்று எழுதாதீர்கள். அவருடைய குடோன் வாசலில் உங்கள் வண்டிகள் மூன்று மாதத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றன என்று எழுதி, இதைப் பாதியாக்க எந்த நாளில் சந்திக்கலாம் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள்.